கவனம் குறைவு

1.
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. புளத்கொகுபிட்டியப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் பாலர் பாடசாலைக்கு, முதலாம் ஆண்டுக்குத் தயாரா என்று பிள்ளைகளைச் சோதிக்க ஒரு மிஸ் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் சிங்களத்தில் நிரப்பிய படிவத்தைத் தமிழாக்கி, தாயிடம் கையெழுத்து வாங்குவது என் வேலை. அந்தப் படிவத்தின் பிரதி ஒன்றின் பின்பக்கத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2.
முதல் தொடக்கம்: தர்மிளா, மலர் போன்ற ஐந்து வயது...

(அடித்துவிட்டேன். இவ்வளவு எரிச்சலில் மலர் எதற்கு?)

இரண்டாவது: தர்மிளாவுக்கு ஐந்து வயது. மிஸ் யானைப் படம் காட்டினார்; அவள் கதவைப் பார்த்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டார், திரும்பவில்லை. "ஒலிகளுக்குக் கவனம்: குறைவு" என்று மிஸ் எழுதினார்.

அந்த நேரம் பார்த்து, வராந்தாவைக் கழுவ வந்த பெண் வாளியை டமாரென்று போட்டார். மறுகணம் தர்மிளா மேசைக்கு அடியில் இருந்தாள். தாயின் மடியிலிருந்த தம்பியையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். அவன் வாயைக் கையால் பொத்தியிருந்தாள்.

என்ன இது என்று மிஸ் கேட்டார். தாய் விஜயகலா சிரிக்கப் பார்த்தாள்.

"வெளையாடுதுங்க மிஸ்."

விளையாடுகிறாளாம் என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். (சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பு. வெட்கமாக இருக்கிறது.)

3.
வெளியே வந்ததும் விஜயகலா சொன்னாள்:

"அவங்கப்பா ரப்பர் பால் வெட்டிட்டு வந்து வாளிய மெல்ல வச்சா பயமில்லீங்க. டமார்னு போட்டா அன்னைக்கு அடிதான். தம்பிய இழுத்துக்கிட்டு கட்டிலுக்கு அடியில போயிரு, அவன் வாயப் பொத்திக்கன்னு நாந்தாங்க பழக்குனேன்."

இங்கே வளரும் மூளையைப் பற்றி நீளமாக எழுத நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: எதை அடிக்கடி செய்ய நேர்கிறதோ, அதில்தான் பிள்ளையின் மூளை தேறுகிறது. இவளுடையது யானையை விட்டுவிட்டு வாளியைப் படித்தது. தம்பியைக் காப்பாற்றியது. அதற்குப் பெயர் குறைவா? அடிக்கிறவனைச் சோதிக்க மட்டும் யாரிடமும் படிவம் இல்லை.

4.
முடிவு ஒன்று: விஜயகலா கையெழுத்திடுகிறாள். ஜனவரியில் தர்மிளா முதலாம் ஆண்டில் சேராமல் விசேட வகுப்புக்குப் போகிறாள்.

முடிவு இரண்டு: மிஸ் உண்மையை அறிந்து கண்கலங்கி...

(இல்லை. அவரிடம் நான் இன்னும் சொல்லவே இல்லை. "நீங்க சொல்லிட்டா, வீட்டுல வாளி எப்புடி விழும்னு தெரியுங்களா?" என்று விஜயகலா கேட்டாள்.)

திங்கட்கிழமை படிவம் போக வேண்டும். 'வேறு குறிப்புகள்' என்ற இடத்தில் இரண்டு வரி காலியாக இருக்கிறது. நான் முடிக்கமாட்டேன், அந்த இரண்டு வரியை நீங்கள் எழுதுங்கள். எழுதியதும் பேனாவை மெல்ல வையுங்கள். தர்மிளாவுக்குக் கேட்கும்.