நிழலை மேலே விட்டு வந்த தெரு

மலை சரிந்த காலையில், அதன் இடுப்பில் இருந்த தெரு ஒன்று ஓர் ஓடும் உதிராமல், தன் நிழலை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு, அடிவாரத்து ஆற்றங்கரையில் இறங்கி வந்து அமர்ந்தது. அடுப்பில் இருந்த பால்கூடச் சிந்தவில்லை என்று அத்தெருவார் பிற்பாடு சொன்னார்கள். ஆனால் பாலம் அறுந்துபோயிற்று. கைபேசிக் கோபுரமும் சாய்ந்துவிட்டபடியால் வெளியார் எவரும் இதை அறியவில்லை. ஆறு அவர்கள் வாசலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

நிவாரண அலுவலகத்தின் மாடியறையில், ட்ரோன் அனுப்பிய படங்களை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வரைபடமாக்கிக்கொண்டிருந்தாள் வரைபடக்காரி. அவளுடைய அக்காள் குடியிருந்தது அத்தெருவில்தான். ஒட்டிய படத்தில் தெரு இரண்டு இடங்களில் தெரிந்தது: மலையில் ஒன்று, ஆற்றோரம் ஒன்று. அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் ஒரே இடம் இருமுறை ஒட்டிக்கொள்வது அத்தொழிலில் அன்றாடப் பிழை. கூடுதலை வெட்டி எறிவது அவள் கைக்கு மூச்சுவிடுவதுபோல் பழகியிருந்தது. ட்ரோனை ஓட்டுகிறவன், பருந்து என்று பட்டப்பெயர் பெற்றவன், பின்னால் நின்று சிரித்தான்.

“என்ன மேடம், ஒரு தெருவ ரெண்டாக்கிட்டீங்க? தபால்காரர் பாவம் இல்லையா?”

“உன் ட்ரோன் ஆடுன ஆட்டம் அப்படி!”

மலைத்தெரு சற்று மங்கல்தான். மழையின் ஈரம் என்று எண்ணிக்கொண்டாள். பழைய வரைபடத்தோடு பொருந்தியதும் அதுவே. ஆகவே ஆற்றோரத் தெருவை அழித்தாள். மீட்புப் படை மலையேறியது.

நண்பகல் கடந்து மீட்புத் தலைவரின் குரல் வயர்லெஸ்ஸில் கரகரத்தது. “ஏம்மா, இங்க வெறும் சேறுதான். சேத்து மேல வரிசையா வீட்டு நிழல் விழுந்து கிடக்கு. வீட்டத்தான் காணோம்.”

வெட்டியெறிந்த படத்தை அவள் மீட்டுப் பெரிதாக்கினாள். கூரைகள் நிறத்தோடு பளிச்சென்றிருந்தன, ஒன்றுக்கும் நிழலில்லை. தண்ணீர் வாசற்படியைத் தொட்டிருந்தது. ஒரு மொட்டைமாடியில் ஒருத்தி இடுப்பில் ஒரு கையை ஊன்றி, மறுகையால் வானத்தை நோக்கித் துடைப்பத்தை ஆட்டிக்கொண்டிருந்தாள். உதவியை இப்படி அதட்டிக் கேட்கக்கூடியவள் உலகில் அக்காள் ஒருத்திதான்.

“ஐயா, நான்தான் தப்புப் பண்ணிட்டேன்! தெரு கீழ ஆத்தோரம் இருக்கு. படகோட போங்க!”

இறையருளால் படகுகள் வெள்ளத்தை முந்தின. எல்லாரையும் ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறிய அக்காள், எதிர்க்கரையில் இறங்கி, அங்கே ஓடி வந்திருந்த தங்கையைக் கண்டதும் தொடங்கிவிட்டாள்.

“உன் பொம்மை விமானம் தலைக்கு மேல சுத்திச் சுத்தி வந்துச்சே, கண்ண எங்கடி வச்சிருந்த?”

“படத்துல ரெண்டு அக்கா தெரிஞ்சுதுக்கா. ஒன்னையே சமாளிக்க முடியல, இன்னொன்னு எதுக்குன்னு அழிச்சிட்டேன்.”

அக்காள் சிரித்தாள், அழுதாள், பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடியும் திட்டினாள்.

வெள்ளம் வடிந்தபின் தெருவைச் சுற்றி உயர்ந்த கரை எழுந்தது. தெரு, இறங்கிய இடத்திலேயே நிலைத்துவிட்டது. நிழல் மட்டும் இறங்கி வரவேயில்லை. ஆடு மேய்ப்பவர்கள் கோடையில், இல்லாத வீடுகளின் நிழலில் படுத்துறங்கப் பழகிக்கொண்டார்கள். அலுவலக வரைபடத்தில் இரு தெருக்களும் இடம்பெற்றன. வரைபடக்காரி அதன்பின் எதையும் பாராமல் வெட்டியதில்லை. மழைக்காலந்தோறும் பருந்து ட்ரோனைப் பறக்கவிடுவான். கீழே அக்காள் மாடியில் துணி உதற, மேலே வெறும் மலைச்சரிவில் ஒரு நிழல் துணி உதறும். அதைத் திரையில் கண்டதும், அக்காள் நலம் என்று வரைபடக்காரி கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவாள்.