நாற்பத்து மூன்று மருத்துவர்கள்

1

இக்கதை ஒரு விடைத்தாளிலிருந்து பிறந்தது. அத்தாளில் ஒரு பிழைகூட இல்லை. எழுதியவனோ தேர்வில் தோற்றான். முப்பத்தோராண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பிழையற்ற தாளைத் தோற்கடித்தவனைச் சும்மா விடக்கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

முதல் தொடக்கம்:

"1997ஆம் ஆண்டின் ஒரு காலைப்பொழுதில், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையின்மீது கதிரவன் தன் பொற்கதிர்களை—"

(நிறுத்திவிட்டேன். கதிரவன் எதை வீசினால் என்ன? அங்கே ஒரு மனிதனின் வேலை போகவிருக்கிறது.)

2

அம்மனிதன் ஜெயவேலு. பம்மல்காரன், வயது முப்பத்தொன்று. லேத்து இயந்திரத்தில் இரும்பைக் கடைபவன். திருமுடிவாக்கத்துத் தொழிற்கூடம் ஒன்றில் மூன்றாண்டுகளாகத் தற்காலிகப் பணி. அக்கூடத்திற்கு ஏதோ ஒரு தரச்சான்றிதழ் வந்தது. சுவரெங்கும் ஆங்கில அட்டைகள் முளைத்தன. நிரந்தரமாக விரும்புவோர் இனி ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். கேள்வி ஒன்றே: 'உமது வாழ்க்கை இலட்சியம்', ஒரு பக்கக் கட்டுரை.

கேட்கிறேன்: இரும்புத் தண்டுக்கு எந்த மொழி தெரியும்? ஜெயவேலு கடைந்த தண்டு மயிரிழை பிசகாமல் பொருந்தியதே, அது எம்மொழியில் பொருந்தியது?

அவன் எழுதிய ஆங்கிலக் கட்டுரையின் முதல் வாக்கியம் தமிழில் இது: "மருத்துவராகி ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை அளிப்பதே என் வாழ்க்கை இலட்சியம்."

ஓரத்தில் பணியாளர் அதிகாரி சுந்தர்சிங் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: "அவ்வாறாயின் மருத்துவமனைக்கு விண்ணப்பிக்கவும்."

வியாழனன்று அத்தாளை ஜெயவேலு என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான்.

3

சுந்தர்சிங்கை நான் பார்த்ததில்லை. ஆகையால் கொழுத்த கழுத்தும் தங்கப் பல்லும் கொடுத்து அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். என் மனைவி ரமா படித்தாள்.

"பல்லெல்லாம் பிரமாதம். அந்தக் கட்டுரைய யார் டிக்டேட் பண்ணினதுன்னு எங்கயும் காணோமே?"

"கதைக்கு அது வேண்டாம்."

"கதைக்கா, உங்களுக்கா?"

தங்கப் பல்லைப் பிடுங்கிவிட்டேன்.

1982இல் தாம்பரத்துப் பள்ளியொன்றின் பத்தாம் வகுப்பில் அக்கட்டுரையைச் சொல்லிச் சொல்லி எழுதவைத்தவன் நான். பரீட்சையில் அக்கேள்வி வரும் என்று மோப்பம் பிடித்திருந்தேன், வந்தது. ஜெயவேலு உட்பட நாற்பத்து மூன்று மாணவர்களும் மருத்துவராகப் போவதாக எழுதினார்கள். நாற்பத்து மூவரும் தேறினார்கள். தலைமையாசிரியர் என் கையைக் குலுக்கினார்.*

* அவர்களுள் பின்னாளில் ஊசியைத் தொட்டவன் ஒருவனே. கிழக்குத் தாம்பரத்தில் தையற்கடை வைத்திருக்கிறான்.

நீ உண்மையில் என்ன ஆக விரும்புகிறாய் என்று ஒருவனிடமும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அதை ஆங்கிலத்தில் சொல்லக் கற்றுத்தர வேண்டியிருந்திருக்கும்.

4

சனிக்கிழமை மாலை ஜெயவேலு மீண்டும் வந்தான்.

"இன்னா சார் தப்பு கீது இதுல? நீங்க குடுத்ததுதான? ஒரு கமா வுடல சார்."

"தப்பு உன்னோடது இல்லப்பா."

"அப்ப யாருது சார்?"

(இவ்விடத்தில் நான் துணிந்து விடை சொன்னதாக முதலில் எழுதியிருந்தேன். சொல்லவில்லை. அடித்துவிட்டேன்.)

"திங்கக்கெழம பத்து மணிக்கு இன்னொரு சான்ஸ் குடுத்துகிறாங்க. இந்த வேலைய உனக்கு ஏன் குடுக்கணும்னு ரெண்டு நிமிசம் இங்கிலீசுல பேசணுமாம். இல்லாங்காட்டி இந்த மாசத்தோட நின்னுக்கோன்னுட்டாங்க. நீங்க எழுதிக் குடுங்க சார். நாளிக்கு பூரா நெட்டுரு போட்டுக்கினு போயிடறேன்."

நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருந்தான். எழுதத் தொடங்கினேன். கடின உழைப்பு, நேர்மை, காலந்தவறாமை... பேனா தானாக ஓடிற்று. நாற்பத்து நான்காம் மருத்துவர் பிறந்துகொண்டிருந்தார். தாளைக் கிழித்தேன்.

"உனக்கு ஏன் குடுக்கணும்? தமிழ்ல சொல்லு."

"டமாசு பண்ணாதீங்க சார்."

"சொல்லுப்பா."

நோட்டுப் புத்தகத்தை மூடிவைத்தான். பிறகு சொன்னான்:

"டூல் மழுங்கினா இரும்பு வேற மாதிரி அழுவும் சார். மத்தவனுக்கு அது வெறும் சத்தம். எனுக்கு மட்டும் 'யோவ், நிறுத்துய்யா'ன்னு கேக்கும். அடுத்த சுத்து சுத்தறதுக்குள்ள கை போயி நிறுத்திடும். மூணு வருசத்துல நான் கடைஞ்சது ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல சார்."

5

அதை ஆங்கிலத்தில் எழுத முயன்றேன். முதல் வாக்கியத்திலேயே நின்றேன். என் ஆங்கிலத்தில் இரும்பு ஒருநாளும் அழுததில்லை. அதில் மருத்துவர்கள் இருந்தார்கள், ஆட்சியர்கள் இருந்தார்கள். இரும்பின் குரல் கேட்டுக் கை நீட்டுபவன் இல்லை. எழுதினேன், அடித்தேன், மறுபடி எழு—

"வுடுங்க சார்," என்று ஜெயவேலு எனக்கு ஆறுதல் சொன்னான். "உங்களுக்கே வரல. என்னையப் போயி கேக்கறானுங்க பாரு."

6

முடிவு ஒன்று: ஜெயவேலு தமிழிலேயே பேசுகிறான், சுந்தர்சிங் கண்கலங்கிக் கையெழுத்திடு— (பொய்.)

முடிவு இரண்டு: நான் திருமுடிவாக்கம் சென்று அவருடைய மேசையில் ஓங்கித் தட்டுகி— (தட்டலாம். "ஐயா, நீங்கள் கற்பித்ததைத்தானே கேட்டோம்?" என்பார்.)

மூன்றாம் முடிவு என்னிடம் இல்லை. கதைக்குள் இன்னும் சனிக்கிழமை மாலைதான். நான் எழுதாதவரை திங்கட்கிழமை வராது. ஆனால் இத்தாளை நீங்கள் மடித்து வைத்ததும் வந்துவிடும். ஜெயவேலு எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

வாசகரே, அவன் சொன்ன ஐந்து வாக்கியங்களும் மேலே உள்ளன. ஒன்றையும் விடாமல், மெருகேற்றாமல், ஆங்கிலத்தில் எழுதுக. இரும்பு அழ வேண்டும். 'யோவ்' கட்டாயம் கேட்க வேண்டும்.

.................................................

.................................................

மாதிரி விடை தரப்படமாட்டாது.