நாற்பத்தோராம் பக்கத்தில் எட்டு சென்டிமீட்டர்

1
இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. போன செவ்வாய்க்கிழமை வாசலில் வந்து நின்ற பெண்ணிடம், என் அண்ணனின் கள ஏடு எங்கள் வீட்டில் இல்லை என்றேன். அலமாரியில் இருந்தது.

முதல் வரியாக நான் எழுதியது வேறு: [மட்டம் பார்ப்பதில் என் அண்ணனுக்கு நிகரான சர்வேயர்—] அடித்துவிட்டேன். அழிக்கவில்லை. கள ஏட்டில் தவறான எண்ணை ரப்பரால் அழிக்கக் கூடாது. படிக்கிற மாதிரி ஒரு கோடுதான் போட வேண்டும். அண்ணன் வாயால் கேட்ட விதி.

2
புது வடிகாலுக்காக அண்ணன் தெருத்தெருவாக உயரம் அளந்தார். உயரம் தெரிந்த கல்லில் தொடங்கி, சுற்றி, அதே கல்லுக்குத் திரும்ப வேண்டும். தொடங்கிய எண்ணே கடைசியிலும் வந்தால் அளவு சரி.

எதிரே அளவுகோலைப் பிடித்தவர் அந்தப் பெண்ணின் அப்பா. [வாய்த்துடுக்கான ஆள்—] இல்லை. பேசவே யோசிக்கிற ஆள். அவரே ஓரிடத்தில் சொன்னாராம்:

"சார், கோல் சேத்துல அமுங்குது. கல்லு மேல வச்சுக்கலாமா?"

"பிடிக்கிறது உன் வேலை. பாக்கிறது என் வேலை."

(இந்தப் பதிலை நான் கேட்கவில்லை. ஆனால் குரல் எங்கள் வீட்டுக் குரல்தான்.)

வடிகால் கட்டினார்கள். முதல் மழைக்கே சாக்கடை திரும்பி வந்து பள்ளத் தெரு வீடுகளுக்குள் புகுந்தது. விசாரணையில் அண்ணன் ஒரே வரி எழுதிக் கொடுத்தார்: கோலைச் சாய்த்துப் பிடித்துவிட்டான். கோல் பிடித்தவரின் வேலை போயிற்று.

3
அந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால் எழுத வசதியாக இருந்திருக்கும்.

"எங்கப்பா வீட்டுல குடையைக்கூட நேராத்தான் நிறுத்துவாருங்க. சாகிற வரைக்கும் தெருவே அவரைக் 'கோணக்கோல்'னு கூப்பிட்டுச்சு. உங்க குடும்பத்துக்கு ஒரு பேர் இருக்கு, சரி. அவருக்கு இருந்தது இதுதாங்க."

ஏட்டைத் தேடிப் பார்க்கச் சொன்னாள். அடுத்த செவ்வாய் வருவதாகச் சொல்லிப் போனாள்.

4
நாற்பத்தோராம் பக்கம், கடைசி எண்: 1.385 மீட்டர். வெளிச்சத்தில் சாய்த்தால், ரப்பர் தேய்த்த இடத்தில் 1.305. தொடங்கிய கல்லுக்குத் திரும்பியபோது கணக்கு எட்டு சென்டிமீட்டர் உதைத்திருக்கிறது. மறுபடி அளக்காமல், கடைசி எண்ணை மாற்றிக் கணக்கை மூடியிருக்கிறார். நடுவில் இருந்த தெருக்களெல்லாம் தவறான உயரத்திலேயே நின்றுவிட்டன.

[அன்று அவருக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம்—]

5
முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் ஏட்டைக் கொடுக்கிறேன். அது என்னை நல்லவனாகக் காட்டுவதற்காக எழுதியது. இன்னொன்றில் எரிக்கிறேன்; அண்ணன் நல்லவராகவே இருப்பதற்காக. இரண்டையும் அடித்துவிட்டேன். கடைசி வரியை எங்கள் வீட்டார் எழுதினால், மூடுவதற்காகவே எழுதுவோம்.

இன்று செவ்வாய். அழைப்பு மணி அடித்துவிட்டது. ஏடு மேசையில் திறந்திருக்கிறது.

கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள். பென்சில் வேண்டாம்.