வெள்ளை வண்டியின் இடது கதவு

தன் புது வெள்ளை வண்டியில் செம்புள்ளி விழுந்ததற்கு யார் காரணம் என்று ஆடிட்டர் முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். வளாகத்தின் ஐந்து ஷெட்டுகளும் அவருடையவை. நான்காவதில் ஒரு வெல்டர் இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்துகொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் ஆடிட்டர் வண்டி பகல் முழுக்க அதற்கு எதிரில்தான் நிற்கும்.

"உங்க கிரைண்டர் பொறிதான். இங்க வேற யாரு இரும்பு அறுக்குறா? மாசக் கடைசிக்குள்ள ஷெட்டைக் காலி பண்ணிடுங்க."

வெல்டர் வாயைத் திறப்பதற்குள் ஐந்தாவது ஷெட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், ஒரு மணி நேரம் வண்டிய என்கிட்ட விடுங்க. எங்கேருந்து வந்துச்சுன்னு வண்டியே சொல்லும்."

அவள் அங்கே வண்டி கழுவும் கடை வைத்திருப்பவள். காலையிலிருந்து மாலைவரை முழங்கைவரை சோப்பு நுரையோடு நிற்பதால் வளாகத்துக்கு அவள் 'நுரை'. வெல்டர் அவளுடைய அக்கா புருஷன். அது ஆடிட்டருக்கும் தெரியும்.

"மச்சினிதானே, மாமாவுக்குச் சாதகமாத்தான் சொல்லுவ."

"நான் எதுவும் சொல்லப்போறதில்ல சார். நீங்க பக்கத்துலயே நின்னு பாருங்க."

வண்டியை நிழலுக்குள் ஏற்றி, பானெட்டும் சக்கரமும் சூடு ஆறும்வரை காத்திருந்தாள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவினாள். அழுக்கு போனது, புள்ளிகள் போகவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையை ஆடிட்டரிடம் நீட்டினாள். "இதுக்குள்ள கைய விட்டுட்டு பானெட்ட மெதுவா தடவுங்க."

தடவினார். முகம் மாறியது. "உப்புத்தாள் மாதிரி இருக்கே!"

"வெறுங்கையில தெரியாது. அத்தனையும் இரும்புத் துணுக்கு. பெயிண்ட்ல குத்திக்கிட்டு, துருப்பிடிச்சு உக்காந்திருக்கு. தேச்சா பெயிண்ட்டும் சேர்ந்து போகும். கரைச்சுத்தான் எடுக்கணும்."

கையுறை மாட்டிக்கொண்டு அயர்ன் ரிமூவர் பாட்டிலை எடுத்தாள். முதலில் முன்சக்கரத்தில் அடித்தாள். தண்ணீர்போல் தெளிவாக விழுந்த மருந்து நிமிடத்துக்குள் ஊதாவாகி, வெட்டுக்காயத்திலிருந்து ரத்தம் கசிவதுபோல் கோடுகோடாக இறங்கியது. கூடவே அழுகிய முட்டை நாற்றம். ஆடிட்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்வாங்கினார்.

"ஏம்மா, என்னமோ கரையுதே! பெயிண்ட்டா?"

"பெயிண்ட்ட இது தொடாது சார். இரும்பைப் பிடிச்சா மட்டும்தான் நிறம் மாறும். சக்கரத்துல இருக்கிறது உங்க பிரேக் தேஞ்சு விழுந்த தூள். இந்தக் குத்தத்த எங்க மாமா தலையில கட்ட முடியாது."

வெல்டர் பக்கென்று சிரித்தார். ஆடிட்டர் சிரிக்கவில்லை.

அந்த நேரம் அவருடைய போன் அடித்தது. அவர் வாசல் கேட்டுவரை நடந்து போய்ப் பேசத் தொடங்கியதும் வெல்டர் அவள் காதருகே குனிந்தார்.

"இந்த இடது பக்கப் பின்கதவை இப்பவே மருந்தடிச்சு அலசிடு. சீக்கிரம்."

அவள் கதவைப் பார்த்தாள். அவர் ஏன் சொல்கிறார் என்று பார்த்தவுடனே தெரிந்தது. மற்ற இடங்களில் ஊசிமுனை அளவு புள்ளிகள். அந்தக் கதவில் மட்டும் கடுகளவுக்கு, விசிறி விரித்ததுபோல ஒரு கூட்டம்.

"இத மறைச்சா அடுத்த சனிக்கிழமையும் பொறி பறக்கும் மாமா. அப்போ நான் சொல்ற எதையுமே அவரு நம்பமாட்டாரு."

"ஷெட்டே போனப்புறம் நம்பிக்கைய வெச்சு நான் என்ன பண்றது?"

"போகாது. நான் இருக்கேன்ல."

"உங்கக்கா கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ" என்று முனகிக்கொண்டே அவர் ஒதுங்கி நின்றார். நின்றாரே தவிர, மேல்துண்டை முறுக்கிக்கொண்டேயிருந்தார்.

ஆடிட்டர் திரும்பி வந்ததும் கூரை, பானெட், இரண்டு பக்கம் என்று வரிசையாக அடித்துக்கொண்டு வந்தாள். மருந்து காய்ந்துவிடாமல் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டாள். வெள்ளை வண்டி முழுவதும் ஊதாப் பொடி தூவியதுபோல ஆனது.

"பாருங்க சார். கூரையிலயும் இருக்கு, பானெட்லயும் இருக்கு, மாமா ஷெட்டுப் பக்கம் திரும்பாத வலது கதவுலயும் அதே அளவு. கிரைண்டர் பொறி ஒரு பக்கமாத்தான் பாயும், இப்படி ஊரைச் சுத்தாது. வாரநாள்ல வண்டிய எங்க நிறுத்துறீங்க?"

"ரயில்வே ஸ்டேஷன் பார்க்கிங்ல."

"தண்டவாளத்துக்கு எவ்வளவு தூரம்?"

"வேலிக்கு இந்தப்பக்கம் தண்டவாளம், அந்தப்பக்கம் என் வண்டி."

"ரயில் பிரேக் போடுறப்ப பறக்குற தூள் அது. முக்காவாசி அங்கேருந்து வந்தது." அவள் நிறுத்தவில்லை. இடது பின்கதவைக் காட்டினாள். தடித்த ஊதாத் துளிகள் ஒரே இடத்திலிருந்து வழிந்துகொண்டிருந்தன. "இது மட்டும் எங்க மாமா கிரைண்டர்."

வெல்டரின் கையில் துண்டு அப்படியே நின்றது.

ஆடிட்டர் கதவையே பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "இதைச் சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரிஞ்சிருக்குமே சார்."

குழாயைத் திறந்து மேலிருந்து கீழாக அலசினாள். ஊதா நிறம் சாக்கடைக்கு ஓடியது. அந்தக் கதவில் மட்டும் நாலைந்து துணுக்குகள் விடாப்பிடியாக நின்றன. இன்னொரு முறை அடித்து, களிமண்போன்ற கட்டியால் மெல்ல வழித்து எடுத்தாள். ஆடிட்டர் கேட்காமலே பையில் கையை விட்டுத் தடவினார். இந்த முறை கை கண்ணாடியில் போவதுபோல வழுக்கிக்கொண்டு போனது.

"காலி பண்ண வேண்டாம்" என்றார் வெல்டரைப் பார்த்து. "ஆனா மறைப்பு இல்லாம இனிமே இங்க ஒரு கம்பிகூட அறுக்கக் கூடாது."

"இன்னைக்கே தகரம் அடிச்சிடுறேன் சார்."

வண்டி கேட்டைத் தாண்டியது. வெல்டர் உள்ளே போய் அளவு டேப்பை எடுத்து வந்தார்.

"காட்டிக் கொடுத்துட்டு வேடிக்கை பாக்காத. அந்த முனையப் பிடி."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பிடித்தாள். "உயரமாவே அடிங்க மாமா. உங்க பொறி நல்லாத்தான் பாயுது."