அலகு திறக்காத கிளி

அப்ரார் எடுத்த படத்தில் ஒரு பூதம், ஒரு கிளி, ஓர் இளவரசி. முதல் இரண்டும் பொம்மைகள். இளவரசி எங்கள் வகுப்பு அறிவுச்செல்வி. கல்லூரிச் சுவர்ப் பத்திரிகைக்கு விமர்சனம் எழுதுகிறவன் என்ற முறையில், பள்ளிபாளையத்தில் நடந்த முதல் காட்சிக்கு நானும் போயிருந்தேன்.

பூதத்தைக் குறை சொல்ல முடியாது. லாரி ட்யூபில் உடம்பு, ஏர் ஹாரனில் குரல். அது மூச்சு வாங்கும்போது பார்க்கிறவர்களுக்கு நெஞ்சடைத்தது. உள்ளே நின்று ஆட்டிய அப்ராரின் தங்கை சாதியாவுக்கு நிஜமாகவே அடைத்ததாம்.

கிளிதான் மோசம். எங்கள் பண்ணைக் கோழி இறகுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி ஒட்டியது. அலகை இழுக்கும் நூல் முதல் நாளே அறுந்துவிட்டது. யார் என்ன சொன்னாலும் தலையை மட்டும் சாய்த்தது.

"பேசுங்கிளின்னு போஸ்டர்ல போட்டிருக்கியேடா?"

"மனசுக்குள்ள பேசுதுடா" என்றான் அப்ரார்.

படம் எடுத்த அதே தறிக்கூடத்தில்தான் காட்சி. ஞாயிறு என்பதால் தறி ஓடவில்லை. முந்தின நாள் தறியிலிருந்து அறுத்த காடாத் துணிதான் திரை. அங்கே தறி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அறிவின் அப்பா குமரகுருவும் அம்மா சௌந்திரமும் அவர்களில் சேர்த்தி. முன் வரிசை நாற்காலிகளில் எடப்பாடி மாப்பிள்ளை வீட்டார். அறிவுக்கு அடுத்த வாரம் நிச்சயம். மகள் நடித்ததைக் காட்ட குமரகுருவே அழைத்திருந்தார்.

சிறைக் காட்சி வந்தது. இளவரசி கிளியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசுகிறாள். அதை எடுத்தபோது முதலாளி தறியை நிறுத்த மறுத்துவிட்டார். "சத்தம் கெடக்கட்டும், எதையாச்சும் பேசி வாய அசை, டப்பிங்ல பாத்துக்கலாம்" என்று அப்ரார் சொல்லியிருந்தான். அவள் என்ன பேசினாள் என்று அன்று எங்களில் யாருக்கும் கேட்கவில்லை. இப்போது சாதியாவின் குரலில், "கிளியே, கடல் தாண்டிப் போய் என் அண்ணனிடம் சொல்" என்று வந்தது. உதட்டுக்கும் குரலுக்கும் ஒட்டவே இல்லை. படத்தின் பெருங்குறை என்று மனத்தில் குறித்துக்கொண்டேன்.

கூடம் திடீரென அமைதியானது. பக்கத்திலிருந்த தறிக்காரக் குப்பாயி அக்கா, திரையில் அறிவின் உதட்டைப் பார்த்து, பஸ் போர்டு படிப்பதுபோல் முணுமுணுத்தார்.

"எனக்கு அந்த மாப்ள வேண்டாம் கிளி. நான் படிக்கோணும். அம்மாகிட்ட எத்தனையோ தடவ சொல்லிட்டேன். தறிச் சத்தத்துல கேக்கலைங்குது. எம்பட உதட்டப் பாக்காம மூஞ்சியத் திருப்பிக்குது."

தறி ஓடும்போது இவர்கள் பேச்சைக் காதால் கேட்பதில்லை, உதட்டில் பார்த்துக்கொள்கிறார்கள். அப்ரார் வீட்டில் பாத்திரக்கடை, எங்கள் வீட்டில் கோழி. எங்களுக்கு இது தோன்றவில்லை. தறிக்காரர் மகளுக்குமா தோன்றியிருக்காது?

எடப்பாடியிலும் தறிதான் ஓடுகிறது. மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்தார்.

"பொண்ணு பேசறது நல்லாத் தெரியுதுங்க."

"ஏனுங்க, அது படத்துக்குப் பேசறதுங்க!" என்று குமரகுரு வாசல்வரை ஓடினார். அவர்கள் நிற்கவில்லை. சௌந்திரம் அசையாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கிளி தலையைச் சாய்த்தது. சுவரோரம் நின்றிருந்த அறிவு அழவில்லை. அம்மாவின் முதுகையே பார்த்தாள்.

அதன்பின் அவள் கல்லூரிக்கு வரவில்லை. போன் அணைந்தே கிடந்தது. எனக்கு விமர்சனத்தில் ஒரு வரிகூட ஓடவில்லை.

வியாழக்கிழமை அப்ராரின் கடையில் நின்றிருந்தபோது சௌந்திரம் வந்தார்.

"அவங்கப்பன் இன்னும் எடப்பாடிக்குப் போன் போட்டுக்கிட்டேதான் இருக்காரு. புள்ள சோறு திங்கறதில்ல. எங்கூடப் பேசறதுமில்ல. அந்தக் கிளியக் கொஞ்சம் குடு சாமி."

அப்ரார் ஓடிப்போய் எடுத்து வந்தான். "நூல் மாத்திட்டேங்கம்மா. இப்ப அலகு நல்லாத் தொறக்குது, பாருங்க."

"அது வேண்டாம். தலையச் சாய்க்கறத மட்டும் சொல்லிக்குடு."

அவர் கையைக் கிளிக்குள் நுழைத்து, எந்த விரலை மடக்குவது என்று காட்டினான். முதலில் கிளி தலையைத் தொங்கப்போட்டது. அடுத்து மேலே சீலிங் ஃபேனைப் பார்த்தது. சௌந்திரம் என் பக்கம் திரும்பினார்.

"கேக்கற மாதிரி இருக்குதா, சாமி?"

"இன்னுங் கொஞ்சம் இந்தப் பக்கமுங்க" என்றேன்.