சமையலறை ஜன்னலில் தெரிந்த சரிவு

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மனைவி எங்கள் சமையலறை ஜன்னலில் நின்று அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் திரும்ப மாட்டாள். எங்கள் கொல்லைச் சுவரை ஒட்டி ஒரு கம்பிவேலி, அதற்கு அந்தப் பக்கம் இடுப்பளவு புல், மேலே போகப் போகப் பாறை, உச்சியில் ஒற்றை மரம். யாரோ ஒரு பணக்காரக் குடும்பத்தின் சொத்து. ஒருவரையும் உள்ளே விட மாட்டார்கள். ரோட்டுப் பக்கம் இருந்த இரும்புக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு தொங்கும்.

நான் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். புதுமாப்பிள்ளை முறுக்கில் ஒருநாள் சொன்னேன்: "அந்தப் பூட்டெல்லாம் எனக்கு ஒரு பூட்டா? வா, கமுக்கமா போய்ட்டு வந்துடலாம்."

"திருடி மாதிரியா? நான் வரல. தொறந்து விடட்டும், எல்லாரோடயும் போறேன்."

அவள் ஒன்று சொல்லிவிட்டால் சொன்னதுதான். நான் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். அவள் ஜன்னலை விடவில்லை.

பிற்பாடு நகரமன்றத் தேர்தலில் நின்றாள், ஜெயித்தும் விட்டாள். எங்கள் பகுதிக்குக் குடிநீர்க் குழாய் வந்தது அவளால்தான். அன்றிலிருந்து நான் அவளை "மெம்பர்" என்றுதான் கூப்பிடுகிறேன். முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன், அப்புறம் அதுவே பெயராகிவிட்டது.

போன வருஷம் அந்தக் குடும்பம் சரிவை விற்கக் கிளம்பியது. அடுக்குமாடி கட்டுகிற கம்பெனி ஒன்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. அதற்குள் நகரமே வாங்கி எல்லாருக்கும் திறந்துவிடலாமா என்று நகரமன்றத்தில் விவாதம் வைத்தார்கள். நான் கடையைச் சாத்திவிட்டுப் பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

"ரோடெல்லாம் குண்டும் குழியுமா கெடக்கு. புல்லு வாங்கவா காசு?" என்றார் உறுப்பினர்களில் ஒருவரான மருந்துக்கடைக்காரர்.

"குழிய நாளைக்கு மூடலாம். அங்க கட்டடம் வந்துட்டா நாளைக்கு இடிப்பீங்களா?" என்று கேட்டார் இன்னொரு உறுப்பினரான டீச்சர்.

என் மனைவி பேச எழுந்தாள். தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. உங்க சொந்த வீடு அந்த எடத்த ஒட்டி இருக்கு. எடம் பொதுவானா உங்க வீட்டு மதிப்பு ஏறும். விதிப்படி நீங்க பேசவும் கூடாது, கை தூக்கவும் கூடாது. கொஞ்சம் வெளிய இருங்க."

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அந்த அறையில் அந்தச் சரிவுக்காக ஏங்கியவள் அவள் ஒருத்திதான், அவளைத்தான் வெளியே அனுப்பினார்கள். வாக்கெடுப்பில் கைகள் சரிபாதியாகப் பிரிந்தன. அடுத்த கூட்டத்தில் மறுபடி பார்க்கலாம் என்று கலைந்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் ஜன்னலைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்: "ஏங்க, வீட்ட வித்துடலாமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உனக்கென்ன கிறுக்கா? அதப் பாக்கத்தான இந்த வீட்டையே கட்டிக்கிட்டு அழறே?"

"பாத்தது போதும். கட்டடம் வந்துட்டா இங்கருந்து எவன் வீட்டுக் குளியலறைக் குழாயோதான் தெரியும். ஒரு கைதான் கொறையுது. வீடு இல்லன்னா அந்தக் கைய நானே தூக்கலாம்."

விஷயம் என் அண்ணன் வரைக்கும் போனது. "பொண்டாட்டி மலையேறணும்னு வீட்ட விக்கிற ஆள இப்பத்தான்டா பாக்குறேன்" என்று போனில் சிரித்தார். நானும் நல்ல விலை வராது, சாமானெல்லாம் வைக்க இடம் இருக்காது என்று வாய்க்கு வந்த சாக்கெல்லாம் சொன்னேன். உண்மை வேறு. எனக்கு அந்தச் சரிவின் மேல் ஒரு ஆசையும் கிடையாது. ஜன்னலில் நிற்கிற அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே காலைக் காபி குடிப்பதுதான் என் சுகம். வீடு போனால் அதுவும் போய்விடுமே என்றுதான் பயந்தேன். அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. கடைசியில் சரி என்றுவிட்டேன். அவள் கேட்டு நான் இல்லை என்று சொல்லி நிலைத்ததாகச் சரித்திரமே இல்லை.

வீட்டை ஒரு நர்ஸம்மாவும் அவர் கணவரும் வாங்கினார்கள். நாங்கள் ஊரின் மறுகோடியில் என் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைக்குக் குடிவந்தோம். அங்கேயும் சமையலறையில் ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் முகத்தில் இடிக்கும். மனைவி அதைத் திறப்பதேயில்லை.

அடுத்த கூட்டத்தில் யாரும் அவளை வெளியே போகச் சொல்ல முடியவில்லை. கையைத் தூக்கினாள். அந்த ஒரு கையில் தீர்மானம் நிறைவேறியது.

கதவைத் திறக்கிற நாளில் பழைய சொந்தக்காரர்கள் சாவியைத் தொலைத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. நகரமன்றத்திலிருந்து எனக்குத்தான் ஆள் வந்தது. ஊரே சுற்றி நிற்க, அந்தப் பூட்டை நான் திறந்தேன். "இப்ப வர்றியா, மெம்பர்?" என்றேன். அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் தோளைப் பிடித்தாள்.

மூட்டு வலியோடு நின்று நின்று ஏறினாள். வழியெல்லாம் புல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். உச்சி மரத்தடியில் போய் உட்கார்ந்ததும் கண்களை இடுக்கிக் கீழே கூரைகளுக்கு நடுவில் எதையோ தேடினாள்.

"அதோ, நம்ம ஜன்னல்" என்றாள்.

நர்ஸம்மா ஜன்னலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி கையைத் தூக்கி ஆட்டினாள். கொஞ்சம் கழித்து அவரும் ஆட்டினார்.

"இத்தன வருஷமா அங்க நின்னு இங்க வரணும்னு ஏங்கினேன்" என்றாள்.

வெயில் தாழ்ந்ததும், "போலாமா?" என்றேன். எழுந்து, எனக்காக நிற்காமல் விறுவிறுவென்று இறங்க ஆரம்பித்தாள். எங்கள் பழைய கொல்லைச் சுவரைப் பார்த்து நேராகப் போய்க்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் முழங்கையைப் பிடித்தேன்.

"மெம்பர், பஸ் ஸ்டாப் இந்தப் பக்கம்."