மதகுக் கோபுரத்தை நோக்கி நீந்தியவர்

ஜூலை மாதத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பழைய நீர்த்தேக்கத்தின் வடக்குக் கரையில் எழுபத்திரண்டு பேர் ரப்பர் தொப்பி அணிந்து நின்றார்கள். தண்ணீர் மட்டம் முந்தைய ஆண்டைவிட இரண்டு மீட்டர் இறங்கியிருந்தது.

நகராட்சி நீச்சல் குளத்தின் பம்ப் மெக்கானிக் அவர்களில் ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர். குளத்தில் வேலை பார்க்கிறவருக்கு நீச்சல் தண்ணீர் பட்ட பாடாக இருக்கும் என்று பார்த்தவர்கள் எல்லோரும் நினைத்தார்கள். அவருக்குத் தெரிந்தது குளத்துத் தண்ணீரைச் சுத்தமாக வைத்துக்கொள்வது. அதில் நீந்துவதை அவர் நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான், மாணவர்கள் வீட்டுக்குப் போன பிறகு மிஞ்சிய நேரத்தில், சுவரோரமாகத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டார். சைக்கிள் அப்படியல்ல. வேலைக்கு வருடக்கணக்காகச் சைக்கிளிலேயே போய் வந்த கால் அது. ஏற்றம் வந்தால் பாதி வயதுக்காரர்கள்கூட அவருடைய முதுகைத்தான் பார்க்க வேண்டும். ஓட்டம் சுமார். நீச்சல்தான் ததிங்கிணத்தோம்.

போட்டி சிறியது. உள்ளூர் சைக்கிள் சங்கம் ஆண்டுக்கொரு முறை நடத்துவது. முக்கால் கிலோமீட்டர் நீந்த வேண்டும், கரையேறியதும் சைக்கிள், சைக்கிளை வைத்ததும் ஓட்டம். நீச்சலுக்கு அரை மணி நேரம் கெடு. அதைத் தாண்டி வந்தவரைச் சைக்கிளைத் தொட விடமாட்டார்கள். விதிகள் மொத்தமும் ஒரே தாளில் அடங்கிவிடும். அவற்றில் ஒன்று மெக்கானிக்கை மனதில் வைத்தே எழுதியதுபோல இருந்தது. மீட்புப் படகில் ஏற்றிக் கரை சேர்க்கப்பட்டவர் அந்த ஆண்டு அத்துடன் விலக வேண்டும். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் ஏற்றப்பட்டவரைச் சங்கம் அதன் பிறகு சேர்த்துக்கொள்ளாது.

போன ஆண்டு அவரை ஏற்றியிருந்தார்கள்.

ஏற்றியவன் வேறு யாராவதாக இருந்திருந்தால் விஷயம் கரையோடு போயிருக்கும். தீயணைப்புத் துறையில் இருந்த அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, அன்றைக்குத் துடுப்புப் படகில் மீட்புக்கு வந்திருந்தான். உறவுக்காரர்கள் கூடிய இடத்திலெல்லாம் அந்தக் கதை ஒரு சுற்று வந்தது. மாமாவைத் தூக்குவதைவிட ஈரக் கட்டிலை மாடிக்கு ஏற்றுவது சுலபம் என்று அவன் ஆரம்பிப்பான். ஒவ்வொரு தடவையும் படகு இன்னும் கொஞ்சம் சாய்ந்தது, மாமா இன்னும் கொஞ்சம் கனத்தார். மெக்கானிக்கும் சேர்ந்து சிரித்துவைத்தார். ஆனால் இரண்டாவது முறை ஏற்றப்பட்டால் வாழ்நாளில் அவருக்கென்று இருந்த ஒரே பந்தயம் போய்விடும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இந்த ஆண்டு எப்படியாவது நீச்சலைச் சரிசெய்துவிடுவது என்றுதான் இருந்தார். மார்ச் மாதத்தில் குளம் அவர் காலை வாரிவிட்டது. இரவில் பூட்டிவைத்த குளத்தில் விடியும்போது தண்ணீர் குறைந்திருந்தது. ஆழமான பக்கத்தில் தரை ஓடுகளுக்கு அடியில் கசிவு. கண்டுபிடித்தவரும் அவர், அலுவலகத்துக்குச் சொன்னவரும் அவர். நகரத்தில் வேறு பொதுக் குளம் கிடையாது.

"ஒரு நாலு மாசம் கழிச்சுச் சொல்லியிருந்தா என்னங்க? குளம் ஓடியா போயிடும்?" என்று மனைவி கேட்டாள். அவள் பேருந்துப் பணிமனையில் வண்டிகளுக்கு நேரம் போட்டுக் கொடுக்கிறவள். எதையும் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி வைக்கலாம் என்பது அவளுடைய தொழில் நம்பிக்கை.

"ஓடிட்டுதானே இருக்கு" என்றார் மெக்கானிக்.

வால்வைத் திறந்து குளத்தைக் காலி செய்ததும் அவர்தான். அதற்குப் பிறகு தினமும் குளத்துக்குள்தான் இருந்தார், காய்ந்த தரையில் ரப்பர் செருப்புடன். ஓடுகளைத் தட்டிப் பார்ப்பார். அடியில் வெற்றிடம் இருப்பதுபோலச் சத்தம் கேட்ட இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டம் போடுவார். ஆட்கள் இல்லாத வேளையில் பம்ப் அறையின் பெஞ்சில் குப்புறப் படுத்துக் கைகளை வீசிப் பழகினார். சாப்பாடு கொடுக்க வந்த மனைவி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள். சிரிக்கவில்லை. டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு, பெஞ்ச் முழுகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போனாள். தெரிந்தவர் மூலம் ஒரு விடுதிக் குளத்தில் மூன்று முறை இறங்கினார். நாலு கை போடுவதற்குள் எதிர்ச்சுவர் வந்துவிட்டது. நான்கு மாதத்தில் அவர் நீந்தியது அவ்வளவுதான்.

போட்டிக்கு முந்தின நாள், இந்த ஆண்டும் மீட்புப் படகில் இருக்கப்போகும் மச்சான் வீட்டுக்கு வந்தபோது, மனைவி பரிமாறிக்கொண்டே தம்பிக்குக் கட்டளை போட்டாள். போட்டிக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தண்ணில ஒரு தடவை தடுமாறினாலும் தூக்கிப் படகுல போட்டுட்டு வந்துடு. அவர்கிட்ட ஒண்ணும் கேக்காதே."

மச்சான் தலையாட்டினான். மெக்கானிக் இன்னும் கொஞ்சம் சாதம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

காலையில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. சைக்கிளை அதற்குரிய கம்பியில் மாட்டினார். ஓட்டத்துக்கான காலணிகளின் வாயைத் திறந்து வைத்தார். மிதவைகள் தூரத்தில் மஞ்சளாகத் தெரிந்தன. முதல் மிதவைக்கு நேராகப் போய், இரண்டாவதற்குக் குறுக்கே திரும்பி, மூன்றாவதைச் சுற்றிக் கரைக்கு வர வேண்டும். சங்கச் செயலாளர், தொழிலில் பல் மருத்துவர், ஒலிபெருக்கியை எடுத்தார்.

தண்ணீர் இறங்கியதால் நடுவில் ஒரு மண்திட்டு மேலே வந்திருக்கிறது. அதனால் இரண்டாவது மிதவையை இடப்பக்கமாக நன்றாகத் தள்ளிப் போட்டிருக்கிறோம். போன ஆண்டுபோல மதகுக் கோபுரத்தைக் குறிபார்த்துப் போகாதீர்கள். செயலாளர் இதை இரண்டு முறை சொன்னார். கோபுரம் என்றது நீர்த்தேக்கத்தின் மறுகோடியில், தண்ணீரைத் திறந்துவிடும் மதகின் மேல் கட்டிய சாம்பல் நிறத் தூண்.

மெக்கானிக்கின் காதில் அதில் ஒரு சொல்கூட விழவில்லை. அவர் அப்போது காற்றடைத்த வரவேற்பு வளைவின் பின்னால் இருந்தார். வளைவுக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்த இயந்திரத்தின் சத்தம் கூட்டத்தில் நின்றபோதே அவருக்கு உறுத்தியது. குரல் மேலே ஏறி இழுத்துக்கொண்டிருந்தது; உறிஞ்சும் பக்கம் ஏதோ அடைத்திருக்கிறது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. நீச்சல் உடையோடு மண்டியிட்டு, காற்று இழுக்கும் வலையில் ஒட்டிக்கிடந்த ஒரு பிளாஸ்டிக் பையை உரித்தெடுத்தார். சத்தம் இறங்கிச் சீரானது, தொய்ந்திருந்த வளைவு நிமிர்ந்தது. இயந்திரத்துக்கு உரியவன் நன்றி சொன்னான். அவர் கூட்டத்துக்குத் திரும்பியபோது விசில் ஊதிவிட்டார்கள்.

முதல் மிதவை வரை குறை சொல்ல ஒன்றும் இல்லை. முன்னால் போனவர்களின் பாதங்கள் நுரையைக் கிளப்பின. அதைப் பிடித்துக்கொண்டே போனார். குளத்தின் தரையில் இருக்கும் கறுப்புக் கோடு இங்கே இல்லை. கீழே பார்த்தால் தன் கையே முழங்கைக்கு அப்பால் பழுப்பில் கரைந்தது. மூச்சுக்கு அவர் வலப்பக்கம் மட்டுமே திரும்புவார். இடப்பக்கம் சுவர் இருந்த ஓரத்தில் நீந்திப் பழகிய பழக்கம். மிதவையைச் சுற்றியதும் தலையை உயர்த்திக் கோபுரத்தைத் தேடினார். பம்ப் வேலைக்கு வந்த புதிதில் அந்தக் கோபுரத்தின் வால்வுகளுக்கு மசகு போட்டவர். சாம்பல் தூண் அவர் கண்ணுக்குத் தானாகவே கிடைத்தது. அதைக் குறிவைத்துக் கைபோட்டார்.

சிறிது நேரத்தில் சுற்றிலும் சத்தம் குறைந்தது. கால்கள் தட்டவில்லை, முகத்தில் யாருடைய நீரும் தெறிக்கவில்லை. எல்லோரையும் முந்திவிட்டோமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றிய வேகத்திலேயே அது போயிற்று. அடுத்த கை வழவழவென்று எதிலோ புதைந்தது. திடுக்கிட்டுக் காலை ஊன்றினார். நின்றுவிடலாம் என்று நினைத்த இடம் முழங்கால் வரை உள்ளே இழுத்துக்கொண்டது. காலை உருவப் போனதில் தலை தண்ணீருக்குள் போயிற்று. வாய் நிறையச் சேறு கலந்த தண்ணீர் இறங்கியது. எழுந்தார், இருமினார், மறுபடி முழுகினார். எந்தப் பக்கம் மேலே என்பது சற்று நேரம் தெளிவாக இல்லை.

பிறகு படகின் ஓரம் அவர் கைக்கு வந்தது. இரண்டு கைகளாலும் அதைப் பற்றிக்கொண்டு இருமித் தீர்த்தார். விதிப்படி, பற்றிக்கொண்டு இளைப்பாறுவதில் தவறில்லை. படகு நகரக் கூடாது, அவர் அதில் ஏறக் கூடாது. மச்சான் துடுப்பைத் தொடைகள் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு இருமல் அடங்கக் காத்திருந்தான்.

"மாமா, எங்க போறீங்க?"

"ரெண்டாவது மிதவைக்கு."

"அது அங்க இருக்கு." துடுப்பால் இடப்பக்கம் காட்டினான். மிதவை ஒரு கால்பந்து அளவுக்குத் தெரிந்தது. "காலைல மைக்ல ரெண்டு தடவை சொன்னாங்களே."

"நான் கேக்கலை."

"என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"ஊதுற மெஷின்ல பை மாட்டியிருந்துச்சு."

மச்சான் வானத்தைப் பார்த்தான். பிறகு நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டான். "சரி, ஏறுங்க. அக்கா சொல்லிட்டா."

"உங்க அக்கா போட்டில இல்லையே."

"அக்கா எங்கதான் இல்ல?"

மெக்கானிக் ஏறவில்லை. ஒரு காலைச் சேற்றிலிருந்து உருவிக்கொண்டார், அடுத்ததையும் உருவினார். உதடு வெளுத்திருந்தது. மச்சான் இப்போது சிரிக்கவில்லை. விபத்து நடந்த இடத்தில் ஆளைப் பார்ப்பதுபோல அவருடைய முகத்தையும் மூச்சையும் பார்த்தான். தூக்குவதா விடுவதா என்பது விதிப்படி படகில் இருப்பவனின் முடிவு. ஒரு கையை அவருடைய தோளுக்கு அடியில் கொடுத்தால் போதும், அப்புறம் பேச்சில்லை.

"எத்தனை மிதவை தாண்டியிருக்கீங்க?"

"ஒண்ணு."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"ஞாயிறு. குளத்துக்கு லீவு."

"குளம் மார்ச்லேர்ந்து லீவுதான்." மச்சான் கரைப் பக்கம் பார்த்தான். முதலில் போனவர்கள் தண்ணீரிலிருந்து ஓடி ஏறுவது சின்னச் சின்னதாகத் தெரிந்தது. "மாமா, இனிமே போனாலும் நேரத்துக்குள்ள முடியாது. சைக்கிளைத் தொட விடமாட்டாங்க. வீணா எதுக்கு?"

"தெரியும்."

"அப்புறம்?"

"ஏத்தினா எனக்கு இதோட சரி. நானா கரை ஏறினா அடுத்த வருஷம் வரலாம்." இதைச் சொல்ல அவருக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. "நீ சொல்லு. ஏத்தணும்னு உனக்குத் தோணினா ஏத்து. அக்காவுக்காக ஏத்தாதே."

படகு அசையாமல் இருக்க மச்சான் துடுப்பின் நுனியைச் சேற்றில் ஊன்றிக்கொண்டிருந்தான். மெக்கானிக்கின் மூச்சு சீராகும்வரை அப்படியே இருந்தான்.

"நான் உங்களுக்கு வலது பக்கமே வருவேன்" என்றான் பிறகு. "என்னைப் பார்த்துக்கிட்டே வாங்க. நான் நின்னா நில்லுங்க. இன்னொரு வாய் தண்ணி குடிச்சீங்கன்னா, கேக்க மாட்டேன், தூக்கிப் போட்டுடுவேன். அப்புறம் என்கூடப் பேசலைன்னாலும் சரி."

"சரி."

அவர் படகை விட்டார். இடப்பக்கம் திரும்பி, மெதுவாக, கைகளை நீட்டி நீந்தத் தொடங்கினார். மூச்சுக்குத் திரும்பும்போதெல்லாம் படகின் பக்கவாட்டும் மச்சானின் முழங்காலும் தெரிந்தன. நேராகப் போக அது போதுமானதாக இருந்தது. இரண்டாவது மிதவையருகே முதுகில் புரண்டு சற்று மிதந்தார், மச்சானும் நின்றான். மூன்றாவதைச் சுற்றும்போது மிதவைகளை அவிழ்க்க வந்த இன்னொரு படகு ஓரமாகக் காத்திருந்தது. அதில் இருந்தவர்கள் யாரும் கைதட்டவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

கரைக்குப் பத்தடி இருக்கையில் தரை கெட்டியாகக் காலில் பட்டது. எழுந்து நின்றபோது கால் பின்னியது. கைகளை ஊன்றிச் சமாளித்து நடந்து ஏறினார். நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். கடிகாரத்தை மெக்கானிக் பக்கம் திருப்பிக் காட்டினார். கெடு முடிந்து பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. மெக்கானிக் காலை நீட்டினார், ஆசிரியர் குனிந்து கணுக்காலில் கட்டியிருந்த நேரப் பட்டையை அவிழ்த்துக்கொண்டார். படகை இழுத்துக்கொண்டு வந்த மச்சானிடம், ஏற்றினீர்களா என்று கேட்டார்.

"இல்ல சார். அவரே வந்தார்."

மனைவி துண்டோடு நின்றிருந்தாள். கணவரின் தோளில் அதைப் போட்டுவிட்டுத் தம்பியிடம் போனாள். முழுகி எழுந்ததைக் கரையிலிருந்தே பார்த்திருக்கிறாள். தூக்கச் சொன்னேனே, ஏன் தூக்கவில்லை என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். அவர் நன்றாகத்தான் இருந்தார் என்று அவன் சொன்னான். அதை முடிவு செய்ய நீ யார் என்றாள் அவள். படகில் இருந்தவன் என்றான். வீடு திரும்பும்வரை அவள் இருவருடனும் பேசவில்லை. சைக்கிளை மெக்கானிக்கே வண்டியின் பின்னால் கட்டினார். அதன் சக்கரத்தில் தூசிகூடப் படவில்லை.

மதியம் முடிவுகள் வெளியாயின. அறுபத்தாறு பேர் மூன்று பகுதிகளையும் முடித்திருந்தார்கள். இருவர் படகில் ஏற்றப்பட்டார்கள். மெக்கானிக்கையும் சேர்த்து நால்வர் நீச்சலில் கெடு தாண்டியவர்கள் என்று அறிவிக்கப்பட்டார்கள். நவம்பரில் அவர் அடுத்த ஆண்டுப் போட்டிக்கு விண்ணப்பித்தார். சங்கம் ஏற்றுக்கொண்டது.